பேனை நின்ற இடம்

முள்ளியவளைப் பதிவாளர் கந்தோரில்
மின்விசிறி ஓடாத ஒரு புதன்கிழமை
வெள்ளைக்காரன் ஒருவன் நிலைக்குக் குனிந்து உள்ளே வந்தான்.
பெயர் என்ன என்றேன்.
கதிரி, என்றான்.
றேத்தோ கதிரி.

பேனையைக் கீழே வைத்தேன்.

கடவுச்சீட்டைக் காட்டினான். உண்மைதான்.
பிறக்கும்போது புறுன்னர்.
கலியாணத்தில் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டானாம்;
சுவிசில் அப்படியும் செய்யலாம்.
"புறுன்னர் எண்டால் கிணத்தடியான்,"
வாசலில் நின்று தர்மினி சொன்னாள்.
"ஐந்நூறு வருஷப் பேர், தேவாலயப் புத்தகத்தில கிடக்கு.
இவர்தான் விட்டிட்டார்."
கிணற்றை விட்டவன்
கணுக்கேணியைத் தேடி வந்திருக்கிறான்.
நினைத்தேன், சொல்லவில்லை. அரசாங்க நேரம்.

அவர்களின் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் இல்லை.
பூர்வீக ஊர் என்று ஒன்றை எழுதுகிறார்கள்.
தர்மினிக்கு எழுதியிருப்பது துறூப்:
குடியுரிமை கொடுத்த ஊர்,
பசுவும் பனியும் உள்ள இடமாம்.
அங்கே இவர்களுக்கு முன்
ஒரு கதிரியும் இருந்ததில்லை.
அதுதான் கேட்க வந்தார்கள்.

எண்பத்தைந்தில் அவளுடைய அப்பா சிவபாதம்
ஒரு படிவத்தின் முன்னால் இருந்திருக்கிறார்.
குடும்பப் பெயர் என்று ஒரு கோடு.
எங்களுக்கு ஏது அது?
தகப்பன் பெயரை எழுதினார்: கதிரித்தம்பி.
ஆங்கில எழுத்து, குளிரில் விறைத்த விரல்,
பாதியில் பேனை ஒருமுறை நின்றது.
நின்ற இடத்தில் ஒரு வெளி விழுந்தது.
தட்டச்சுக்காரி அந்த வெளியோடு முடித்துக்கொண்டாள்.
தம்பி வெளியே நின்றான்.

பிறகு கதிரி
தபால்பெட்டியில் ஏறியது, காப்புறுதி அட்டையில்,
பல்வைத்தியரின் கடன் கடிதத்தில், பூனையின் கழுத்துப்பட்டியில்.
ஆஸ்பத்திரியில் 'திருமதி கதிரி' என்று கூப்பிட
தர்மினியின் அம்மா எழும்பவில்லை.
மாமனார் பெயரை வாயால் சொல்லாத மனுசி
அந்தப் பெயருக்கு எப்படி ஓம் சொல்லுவாள்?
மூன்று தரம் கூப்பிட்டார்களாம்.

என்னிடம் நிறையப் புத்தகங்கள் இல்லை.
ட்ராக்டரில் ஏற்றி, இறக்கி, திரும்ப ஏற்றி,
கடைசியில் மாத்தளனில் மழைக்கு விட்டோம்.
பழையவற்றில் பாதி கறையான்.
முப்பத்தேழு, முப்பத்தெட்டு மட்டும்
ஏனோ தப்பிக் கிடக்கின்றன,
ஒரு மூலையை எலி கொறித்தபடி.

பிறப்பில் கதிரி இல்லை.
இறப்பில் இருந்தான்.
ஆண். வயது ஒன்பது மாதம். காரணம் காய்ச்சல்.
ஊர் கணுக்கேணி.
அறிவித்தவர் தகப்பன், பெருவிரல் அடையாளம்.

பதினான்கு மாதம் கழித்து
பிறப்பில் அதே பெருவிரல்.
இந்தப் பெடியனுக்குத் தனிப் பெயர் வைக்க
மனம் வரவில்லைப்போல.
அவனை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்களோ
அதையே என் கதிரைக்கு முன்பிருந்தவர் எழுதியிருக்கிறார்,
கதிரித்தம்பி,
நல்ல கையெழுத்து, ஒரு வெளியும் விடாமல்.

இதைச் சொல்ல எனக்கு நேரம் எடுத்தது.
தர்மினி அதை ஜெர்மனில் சொல்ல இன்னும் எடுத்தது.
பிறகு என்னிடம் திரும்பினாள்.
"அப்ப இது அப்பப்பான்ர பேர் இல்லையா?"
அண்ணன்ர, என்றேன்.
தவழ்ந்திருப்பானோ தெரியாது.
துறூப்பில் இப்போது
அவனுடைய ஆட்கள் பதினொரு பேர்.

றேத்தோ அந்தப் பெருவிரல் மையைத் தொடப்போய்
கையை இழுத்துக்கொண்டான்.
பிரதி ஒன்று கேட்டான்.
விண்ணப்பத்தில், இறந்தவருக்கு உறவுமுறை.
மூன்று பேரும் விரல்விட்டு எண்ணினோம்:
மனைவியின் தகப்பனின் தகப்பனின் அண்ணன்.
ஒன்பது மாதத்து ஆளை
என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது?
அந்தக் கோட்டை அப்படியே விட்டேன்,
மேலிடம் கேட்டால் பார்க்கலாம்.

பிரதிக்கு நூற்றிருபது ரூபா.
மிச்சக்காசு வேண்டாம் என்றான். கொடுத்தேன்.
பற்றுச்சீட்டு எழுதினேன்:
கதிரி அவர்களிடமிருந்து
காசாகப் பெற்றுக்கொள்ளப்பட்டது.